மலை மேல் கூடாரம்

ஆண்டுதோறும் தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று திருச்சபை நமக்கு வாசித்தளிக்கும் நற்செய்தி, நம் ஆண்டவர் மலை மீது உருமாறிய நிகழ்ச்சியாகும். அவருடன் ஏறிச் சென்ற சீடர் மூவருள் ஒருவரான இராயப்பர், கண்ட காட்சியில் தம்மை மறந்து, அங்கேயே மூன்று கூடாரங்கள் அமைத்துத் தங்கிவிடலாம் என விரும்பினார். ஏரியில் வலை வீசிப் பிழைத்த அவருக்கு மலையின் அமைதி எத்துணை இனித்திருக்கும்! நம் இராயபுரத்துக்குப் பெயர் தந்தவர் அவரே என்பர் முன்னோர். வடசென்னைக் கடலோரத்தில் வாழும் நமக்கு அவருடைய ஆசை எளிதில் விளங்கும். ஆயினும் ஆண்டவர் கூடாரம் அமைக்க இடங்கொடுக்கவில்லை. மூவரையும் கீழே அழைத்து வந்தார். அடிவாரத்தில், நோயுற்ற மகனோடு ஒரு தகப்பன் காத்துக்கொண்டிருந்தான்.

இந்நற்செய்தியை மனத்திற்கொண்டு, தவக்காலத்தின் முதல் வாரத்தில் அத்திப்பட்டைச் சேர்ந்த இளைஞர் 18 பேரும் நாமும் மலைக்குச் சென்று, இரண்டு இரவுகள் கூடாரத்தில் தங்கி வந்தோம். உல்லாசப் பயணம் என்று சிலர் எண்ணியிருக்கலாம். அங்கே நாங்கள் கண்டதும் பேசியதும் நம் குடும்பங்கள் அனைத்தும் அறியத்தக்கன என்பதால் இங்கு எழுத முற்படுகிறோம்.

புறப்பட்ட இடம்

அத்திப்பட்டு, மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட ஊர். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் வருவோர் இப்பகுதியின் உயர்ந்த புகைபோக்கிகளைக் கண்டிருப்பர். இங்குள்ள வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ஆம் ஆண்டு மின் உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. 2014 முதல் அது காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றுள்ளது. இவற்றால் பலருக்கு வேலை கிடைத்தது, மறுப்பதற்கில்லை. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த குடும்பங்களோ, சாம்பல் கலந்த சேற்றில் வலை இழுக்கும் நிலைக்கு வந்துள்ளன. தந்தை கழிமுகத்தில் இறங்கினார். மகன் துறைமுகச் சாலைக்குப் போகிறான். கன்டெய்னர் எனப்படும் இரும்புப் பெட்டகங்களை ஏற்றிய டிரெய்லர் லாரிகள் அச்சாலையில் இரவும் பகலும் வரிசையாய் நிற்கின்றன.

எங்களுடன் வந்தவருள் பாதிப்பேர் அந்தச் சாலையையே நம்பி வாழ்பவர். லாரி ஓட்டுநர், கிளீனர், கிடங்கில் சுமை தூக்குவோர். மற்றவர் மாணவர். கடலை அன்றாடம் காணும் இவர்களுள் மலையில் ஓர் இரவேனும் தங்கியவர் ஒருவருமில்லை. தவக்காலத் தியானத்தை ஆலய மண்டபத்தில் நடத்துவதே எங்கள் வழக்கம். அங்கே ஆண்டவருடைய அமைதியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் வெளியே லாரிகள் ஒலியெழுப்பத் தொடங்கும். ஆகவே இம்முறை, அருகிலுள்ள மலைத் தேசியப் பூங்காவுக்கே செல்வது எனத் தீர்மானித்தோம். ஆந்திர நாட்டில், திருப்பதிக்கு அப்பால் உள்ள தலகோனா என்னும் இடம் அது. அத்திப்பட்டிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர்.

ஆற்றின் வழியே

வியாழன் அதிகாலை நான்கு மணிக்கு வாடகை வேனில் புறப்பட்டோம். திருவள்ளூர், திருத்தணி கடந்து நகரியை நெருங்கியபோது பொழுது நன்றாகப் புலர்ந்திருந்தது. வானத்தை நோக்கி மூக்கை நீட்டிப் படுத்திருக்கும் மனிதனைப் போன்ற ஒரு சிகரம் அங்கே தெரிகின்றது. நகரி மூக்கு என்பது அதன் பெயர். உயரம் ஏறக்குறைய 850 மீட்டர். முற்காலத்தில் கடலில் வந்த மாலுமிகள் இச்சிகரத்தைக் கண்டே கரையை அடையாளம் அறிந்தனர். இதைக் கேட்டதும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் வேனின் ஒரே பக்கத்தில் குவிந்துவிட்டனர்.

நகரி ஊரருகே ஓர் ஆறு. மாசி மாதமாதலால் மணலே மிகுதி. நடுவில் ஒரு நூலளவு நீர். நகரி மலைகளில் பெய்யும் மழை இந்த ஆற்றில் இறங்கி, கொசஸ்தலையாற்றில் கலந்து, 1944-இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, இறுதியில் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலை அடைகின்றது. நம் வீட்டு வாசலில் முடிகின்ற ஆறு இது என்று கூறியபோது பிள்ளைகள் வியந்தனர். மலை வேறு, கடற்கரை வேறு என்று எண்ணுகிறோம். மலையிலிருந்து நமக்கு வருவது தண்ணீர் மட்டுமன்று என்பதைப் பிற்பாடு அறிந்துகொண்டோம்.

தலகோனா

திருப்பதியை அடைந்து, சந்திரகிரி வழியாய்ப் பாக்கராப்பேட்டை மலைச்சாலையில் ஏறி, நண்பகலில் தலகோனாவை அடைந்தோம். சேஷாசல மலைத்தொடரைச் சேர்ந்த இக்காடு, 1989-இல் ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 353 சதுர கிலோமீட்டர். 2010-இல் சேஷாசல மலைகள் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. தேசியப் பூங்கா என்றவுடன் ஊஞ்சலும் புல்தரையும் உள்ள பூங்காவை நினைத்தல் ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அங்கே ஆடு மாடு மேய்த்தலும் கூடாது. தனியார் எவருக்கும் உரிமையும் கிடையாது. மனிதன் கை வைக்காமல் விட்டுவைத்த இடம் என்று சொல்லலாம்.

காட்டின் உட்பகுதியில் எவரும் தங்க இயலாது. விருந்தினர்க்கென ஒதுக்கிய வளாகத்தில், முன் அனுமதி பெற்று, ஆறு கூடாரங்கள் அமைத்தோம். வனக்காவலர் ஒருவர் வந்து கட்டளைகளை எடுத்துரைத்தார். சித்தூர்ப் பக்கத்து மனிதராதலால் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். முதற்கட்டளை, நெருப்பு மூட்டலாகாது. பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாயிருந்தது. ஆயின் இந்தப் பருவத்தில் காடு சருகால் நிறைந்திருக்கின்றது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கலாகாது. அதுவும் இதே பருவமே. இரண்டாம் கட்டளை, வாசனையுள்ள உணவு எதனையும் கூடாரத்தில் வைக்கலாகாது. நம் தாய்மார்கள் அன்புடன் கட்டிக் கொடுத்திருந்த கருவாட்டுப் பொட்டலங்கள் இரண்டும் உடனே சமையற்கூடத்துக்குக் குடிபெயர்ந்தன.

மேல்நாட்டார் வசந்தத்தின் தொடக்கம் என்று கூறும் காலம், நமக்குப் பின்பனிக் காலம். மரங்களிற் பல இலையுதிர்த்து நின்றன. பாறை இடுக்குகளில் கோங்கிலவ மரங்கள், ஓர் இலையும் இன்றிக் கிளை முழுதும் மஞ்சள் பூவாய் நின்றன. 270 அடி உயரத்திலிருந்து விழும் தலகோனா அருவி, ஆந்திராவிலேயே உயரமானது. இப்போது மெலிந்து, வெண்ணிற நூலாய் இறங்கிக்கொண்டிருந்தது. மரத்துக்கு மரம் தாவிப் படர்ந்து, மனிதன் இடுப்பளவு பருத்த பெருங்கொடிகளைக் கண்டோம். சேஷாசல மலைகளுக்கே பெருமை சேர்க்கும் பொன்பல்லி இங்கு உண்டு. அதன் குரலை மட்டும் இரவில் கேட்டதாகச் சிலர் சாதித்தனர்.

இம்மலைகளின் வயதையும் குறிப்பிட வேண்டும். திருமலை மலைப்பாதையருகே, ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த இருவகைப் பாறைகளை நில இயல் அறிஞர் தேசியச் சின்னமாகக் காத்து வருகின்றனர். கீழுள்ளது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானது; மேலுள்ளது ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகள். இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கோடு. அக்கோட்டுக்குள் பல கோடி ஆண்டுகள் மறைந்து கிடக்கின்றன. படைத்தவருடைய பொறுமையை நினைந்து வியந்தோம்.

செம்மரம்

வெள்ளிக்கிழமை காலை வனக்காவலர் எங்களைக் காட்டுப்பாதையில் அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் நின்று, முதலைத் தோல் போல் வெடித்த கரும்பட்டையையுடைய ஒரு மரத்தைத் தொட்டுக் காட்டினார். இலையற்று, பார்ப்பதற்கு எவ்வித அழகுமின்றி நின்ற அம்மரமே செம்மரம். உள்ளே வயிரம் பாய்ந்த பகுதி மட்டுமே செந்நிறம். நீரில் இட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமானது. நம் பாட்டிமார் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்த மரப்பாச்சிப் பொம்மையை நினைவிருக்கிறதா? அது இம்மரத்தில் கடைந்ததே.

உலகில் இம்மரம் இயற்கையாய் வளரும் இடம், ஆந்திராவின் தென்பகுதி மலைகளும் அவற்றை ஒட்டிய சில பகுதிகளும் மட்டுமே. வயிரம் பாய்ந்து முற்றப் பல பத்தாண்டுகள் செல்லும். சீனாவில் ஆடம்பர நாற்காலிகளும் கட்டில்களும் செய்யவும், ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்பு இசைக்கருவி செய்யவும் இதனைப் பெரும் விலைக்கு வாங்குகின்றனர். 1995 முதல் அனைத்துலக வாணிப ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இம்மரம் இடம் பெற்றுள்ளது. காட்டில் வெட்டிய செம்மரத்தை நம் நாட்டிலிருந்து ஏற்றுமதி செய்வது தடை செய்யப்பட்டுள்ளது. தடையிருந்தும் திருட்டு நிற்கவில்லை.

சற்றுத் தொலைவில் வெட்டுண்ட அடிமரம் ஒன்றைக் காட்டினார். மழையிலும் வெயிலிலும் கிடந்தும் அதன் நடுவட்டம் சிவப்பு மாறாதிருந்தது. எவரும் பேசவில்லை.

இம்மரத்துக்காகச் சிந்திய இரத்தம் கொஞ்சமன்று. 2013 டிசம்பரில் வனத்துறை ஊழியர் இருவர் இம்மலைகளில் கடத்தற்காரரால் அடித்துக் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, செம்மரம் வெட்டச் சென்ற தமிழர் 20 பேர் சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். தாக்க வந்ததால் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 5. நாம் அல்லேலூயா பாடி இரண்டு நாள் ஆவதற்குள், திருவண்ணாமலை, தருமபுரிப் பகுதிகளின் சிற்றூர்களில் ஒப்பாரி எழுந்தது. மாண்டவருள் பலர் மலைவாழ் மக்கள். இடைத்தரகர் காட்டிய கூலியை நம்பிச் சென்றவர்கள்.

பிணமான ஊழியரும் கூலிக்காரர். பிணமான மரவெட்டிகளும் கூலிக்காரர். அம்மரத்தாலான கட்டிலில் படுப்பவன் இவ்விரு சாராரையும் அறியான்.

"வெட்டிய கட்டை எங்கே போகும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். வனக்காவலர் எங்களைப் பார்த்து, "உங்கள் ஊருக்குத்தான்" என்றார். கேலியாய்ச் சொல்லவில்லை, அவர் உண்மையையே கூறினார். சென்னைத் துறைமுகத்திலும் வடசென்னைக் கிடங்குகளிலும், வேறு சரக்கின் பெயரில் கன்டெய்னர்களுள் மறைத்த செம்மரக் கட்டைகளை அதிகாரிகள் பலமுறை கைப்பற்றியுள்ளனர். மலையிலிருந்து நமக்கு வருவது தண்ணீர் மட்டுமன்று என முன்பு குறிப்பிட்டது இதனையே.

இருளில் எழுந்த கேள்வி

அன்று மாலை, மரங்களினூடே நடந்து சிலுவைப்பாதை செபித்தோம். ஐந்தாம் தலத்தில், சிரேனே ஊர் சீமோன் ஆண்டவருடைய சிலுவையைச் சுமக்க உதவியதைத் தியானித்தபோது, சுமை தூக்கும் தொழிலாளரான ஓர் இளைஞர் தலைகுனிந்து நின்றதைக் கண்டோம். சிலுவையும் எவரோ வெட்டிய மரமே. எவரோ கூலி பெற்றுச் செதுக்கிய மரமே.

இரவு உணவுக்குப்பின் நெருப்பில்லாமல், விளக்கையும் அணைத்துவிட்டு, விண்மீன்களின் கீழ் அமர்ந்திருந்தோம். எங்கள் ஊரில் புகையும் மின்விளக்கும் மறைத்துவிடுகின்ற விண்மீன்கள். அப்போது லாரி ஓட்டும் ஓர் இளைஞன் நம்மிடம் கேட்டான்: "சாமி, மரத்தை வெட்டுகிறவன் வேறு, விற்கிறவன் வேறு. நடுவில் வண்டி ஓட்டுகிறவனுக்கு என்ன பாவம்? பெட்டியைச் சீல் வைத்துத்தான் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?"

நாம் விடை கூறுமுன் இருளில் இன்னொரு குரல் எழுந்தது: "தெரியாதென்றால், ஓர் இரவு ஓட்டத்துக்கு ஒரு மாதச் சம்பளம் எதற்காகத் தருகிறான், தம்பி?"

நெடுநேரம் அமைதி. பின்னர் அவனே உண்மையைக் கூறினான். அப்படி ஓர் அழைப்பு அவனுக்கு வந்திருந்தது. தங்கையின் திருமணக் கடன் கழுத்தை நெரித்தது. இன்னும் சரி என்றும் சொல்லவில்லை; இல்லை என்றும் சொல்லவில்லை. இது பாவசங்கீர்த்தனத்தில் கூறியதன்று; அனைவர் முன்னிலையிலும் அவன் மனந்திறந்து பேசியது. அவனுடைய இசைவுடனேயே, பெயரைக் குறிப்பிடாமல், இங்கு எழுதுகிறோம்.

ஞானோபதேச வகுப்பில் நாம் அனைவரும் கற்றதுதான். தன் கையால் செய்யும் பாவம் மட்டும் பாவமன்று. பிறர் செய்யும் தீமைக்கு ஏவுதலும், ஆலோசனை கூறுதலும், அறிந்து துணை நிற்றலும், தடுக்கக் கடமையிருந்தும் தடாதிருத்தலும், தீயோரை மறைத்துக் காத்தலும் அப்பாவத்தில் பங்குகொள்வதேயாகும். அறியாமை மன்னிக்கப்படும். அறியாதவன் போல் இருந்துவிடுவதற்குக் கூலி வாங்குபவனோ, அறிந்தவனே ஆகின்றான். இதை அவனுக்கு எடுத்துரைத்தோம். மரம் வெட்டப் போனவனுக்கும் கடன் இருந்தது, பெண்பிள்ளை இருந்தாள், அவனும் ஒரே ஒரு முறை என்றுதான் போனான் என்பதையும் கூறினோம். பிடிபடுகிறவர் பெரும்பாலும் வெட்டியவரும் ஓட்டியவருமே. பணம் போட்டவர் பெயர் வெளியே வருவது அரிது. சீமோன் சுமந்த மரம் துன்புற்ற ஒருவருக்கு உதவியது. இந்த மரத்தைச் சுமப்பவன் எவருக்கு உதவுகிறான்?

அவன் மறுமொழி கூறவில்லை. "கடனை யார் அடைப்பார்?" என்று மட்டும் மெல்லக் கேட்டான். அதற்கு அவ்விரவில் எங்களிடம் விடையில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே செபமாலையைத் தொடங்கினோம்.

கீழே இறங்குதல்

சனிக்கிழமை காலை கூடாரங்களைப் பிரித்தோம். இன்னும் ஒரு நாள் இருக்கலாமே என்று பிள்ளைகள் கெஞ்சினர். இராயப்பரும் அதைத்தானே கேட்டார்! மறுநாள் ஞாயிறு, பங்கில் திருப்பலி காத்திருந்தது. மாலையில் மீஞ்சூரைத் தாண்டியதும் பழகிய புகை மணம் எதிர்கொண்டது.

மலையுச்சி தங்குவதற்கன்று, தெளிவு பெறுவதற்கே என்பதை அவ்வாரம் எங்களுக்குக் கற்பித்தது. அத்திப்பட்டில் இருந்தவாறே செம்மரம் பற்றி ஆயிரம் மறையுரை ஆற்றியிருக்கலாம். அந்த அடிமரத்தின் சிவப்பைக் கண்ட பிறகே அந்த இளைஞன் வாய் திறந்தான். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015 மே 24 தேதியிட்ட தம் சுற்றுமடலில், இயற்கைக்கு இழைக்கும் கேடும் ஏழைக்கு இழைக்கும் கேடும் பிரிக்க இயலாதவை என்று போதித்தார். சேஷாசலத்தில் 20 பேர் மாண்டு ஏழு வாரங்களில் வந்த மடல் அது. அவர் உலகனைத்துக்கும் எழுதினார். நமக்கோ அது நம் தெருவுக்கே எழுதியது போல் இருக்கிறது.

அறிவுரை கடனை அடைக்காது என்பதையும் நாம் அறிவோம். பங்கிலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையாரிடம், பெயர் கூறாமல், ஒரு குடும்பத்தின் நெருக்கடியை எடுத்துரைத்தோம். அவர்கள் ஒரு பகுதியை வட்டியில்லாமல் கொடுத்தனர். மீதியைத் தவணையில் பெற்றுக்கொள்ளக் கடன் கொடுத்தவர் இசைந்தார். இளைஞன் அந்த அழைப்புக்கு இல்லை என்று சொல்லிவிட்டான். இன்றும் பகல் ஓட்டமே ஓட்டுகிறான். கடன் முற்றும் தீரவில்லை. தவக்காலத்தில் இறைச்சியை விலக்குவோர் பலர். கைக்கு எட்டிய கூலியை விலக்கியவனை அவ்வாண்டுதான் கண்டோம்.

பெற்றோர்களே, ஒன்று வேண்டுகிறோம். மகன் வீட்டுக்குப் பணம் குறைவாய்க் கொண்டுவரும் நாளில், ஏன் குறைந்தது என்று கேட்கிறீர்கள். வழக்கத்துக்கு மிஞ்சிக் கொண்டுவரும் நாளிலும், எங்கிருந்து வந்தது என்று அன்புடன் கேளுங்கள். அவன் கையில் கடன் சுமை இருப்பின் அதை மறைக்காமல் பங்கில் வந்து கூறுங்கள். தவக்காலக் காணிக்கையில் ஒரு பங்கை இத்தகைய குடும்பங்களுக்கென ஒதுக்கி வைக்கும்படி பங்குப் பேரவைகளையும் கேட்டுக்கொள்கிறோம். நம் பிள்ளை ஒருவன் வண்டியை ஓட்ட மறுத்தால், மலையில் ஒரு மரம் நிற்கும். அம்மரத்தடியில் ஓர் ஏழையின் உயிரும் தப்பும்.